பெயர் போன கருவாடு

கையெழுத்து இல்லாத கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்கக்கூடாது. காணிப் பதிவகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித்தந்த விதி இது. அப்படி வருவதை மொட்டைக் கடிதம் என்போம். அதைக் கிழித்தெறியவும் கூடாது, பதில் போடவும் கூடாது. திகதி முத்திரை குத்தி, துளையிட்டு, அதற்கென்று உள்ள கோவையில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் செய்தேன். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் பெயரை இழந்தார்கள்.

ஊர், மன்னார்த் தீவில் தலைமன்னார் போகும் வழியில் இருக்கிறது. கரையோரப் பெண்கள் ஏறக்குறைய இருபது பேர் சேர்ந்து கருவாட்டுச் சங்கம் ஒன்று நடத்துகிறார்கள். நான் அதன் ஆலோசகர். ஆலோசகர் என்றால் சம்பளம் இல்லை, கைபிடி வைத்த கதிரை உண்டு. சங்கத்தின் யாப்பை, அதாவது விதிகளை, எழுதியவன் நான். கூட்டத்துக்கு எத்தனை பேர் வரவேண்டும், அறிக்கையை யார் வாசிக்கவேண்டும், யார் வழிமொழியவேண்டும் என்று பதினெட்டுப் பக்கம் எழுதினேன். ‘கருவாடு’ என்ற சொல் அதில் இரண்டே இடத்தில் வருவதாகத் தலைவி ஒருமுறை எண்ணிச் சொன்னார்.

தலைவிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மாதா கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர், குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். மண்ணில் பரப்பிக் காயவைத்த காலம் போய், நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய பந்தலில் வலை மூடிக் காயவைக்க மற்றப் பெண்களைச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். கொழும்பில் ஒரு முகவர் கிடைத்தார். அவர் மூலமாக வெளிநாட்டுத் தமிழ்க் கடையொன்று தவக்காலத்துக்கு முன் பெரிய ஓடர் ஒன்று தந்தது. தவக்காலத்தில் இறைச்சி விடுகிற சனம் கருவாட்டை விடுவதில்லை. இரண்டு வருடம் தொடர்ந்து வந்த அந்த ஒரே ஓடர், சோளகக் காற்றில் வள்ளங்கள் கரையில் கிடக்கும் மாதங்களில் இருபது வீடுகளின் அடுப்பை எரிய வைத்தது.

சங்கத்துக்கு ஓர் இணையத்தளமும் இருந்தது. ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் வந்த பயிற்சியாளர் செய்து கொடுத்தார். எங்கள் ஊரின் பெயரையும் ‘கருவாடு’ என்ற சொல்லையும் ஆங்கில எழுத்தில் ஒட்டி, பின்னால் ஒரு புள்ளியும் மூன்று எழுத்தும் வைத்தால் அதன் முகவரி. அந்த முகவரியைத்தான் எல்லாப் பைகளிலும் லேபலாக அச்சடித்தோம். வெளிநாட்டுக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் அதிலேதான்: பந்தல், வலை, கையுறை போட்ட பெண்கள், பக்கத்தில் அநாவசியமாக நான்.

போகும்போது அந்தப் பயிற்சியாளர் ஒன்று சொன்னார். “சேர், இந்தப் பேர் உங்களுக்குச் சொந்தமில்லை. குத்தகை மாதிரி. தவணை முடிய முதல் புதுப்பிக்கோணும்.”

குத்தகையைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? “அறிவித்தல் வரும்தானே?” என்று கேட்டேன்.

“வரும் சேர்.”

வந்தது. சங்கத்துக்கு வரும் மின்னஞ்சல்களைத் தலைவி தன் கைத்தொலைபேசியில் பார்ப்பார். முக்கியமாகத் தெரிவதைக் கடையில் அச்செடுத்து எனக்குக் கொண்டுவந்து தருவார். இந்த நடைமுறையை வகுத்தவனும் நான்தான்.

“சேர், இது காசு கட்டச் சொல்லுது போல கிடக்கு.”

வாங்கிப் பார்த்தேன். ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. எந்த வாடிக்கையாளர் என்று இல்லை. அனுப்பியவரின் பெயரும் பதவியும் இல்லை. அடியில், இது கணினியால் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை, இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தது.

“கையெழுத்து எங்க?” என்றேன்.

“கொம்பியூட்டர் அனுப்பினது சேர்.”

“கை இல்லாதது கடிதம் எழுதப்படாது.”

தலைவி வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு முந்திய மாதம், எங்களுக்கு லொத்தர் விழுந்திருப்பதாகவும் வங்கி விபரம் அனுப்பும்படியும் இதே மாதிரியான ஒரு கடிதம் வந்திருந்தது. அதில் என் எச்சரிக்கை பலித்திருந்ததால் இதிலும் பலிக்கும் என்று இருவரும் நம்பினோம். முத்திரை குத்தினேன், துளையிட்டேன், கோவையில் போட்டேன். கோவையின் முதுகில் ‘மொட்டை’ என்று என் கையால் எழுதியிருந்தது. அடுத்த சில மாதங்களில் இன்னும் மூன்று வந்தன. கடைசிக் கடிதம் சிவப்பு எழுத்தில் இருந்தது. சிவப்பு எழுத்தைக் கண்டு மிரளக்கூடாது என்றும் எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தந்திருந்தார்கள்.

நத்தார்ப் பெருநாளுக்கு முன் ஒருநாள் தலைவி செருப்பையும் கழற்றாமல் உள்ளே வந்தார். கொழும்பு முகவர் தொலைபேசியில் பேசினாராம். தவக்கால ஓடர் கொடுப்பதற்கு முன் அந்தக் கடைக்காரர் எங்கள் தளத்தைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பந்தலும் இல்லை, பெண்களும் இல்லை. வெள்ளைப் பக்கத்தின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரே வரிதான் இருந்ததாம்: இந்தப் பெயர் விற்பனைக்கு.

“சங்கத்தை மூடிட்டியளோ எண்டு கேக்கினமாம் சேர். நான் என்னத்தைச் சொல்ல?”

நான் கோவையை எடுத்து நான்கு கடிதங்களையும் திகதி வரிசையில் வாசித்தேன். தவணை முடிகிறது, சலுகைக் காலம் நடக்கிறது, சலுகைக் காலமும் முடிகிறது, இனிப் பெயர் பொதுவில் விடப்படும். இவ்வளவு ஒழுங்கான அறிவித்தலை அரச சேவையில் நான் கண்டதில்லை. எனக்குத் தலைக்குள் சூடேறியது. யாரை ஏசுவது? கணினியை ஏச முடியாது. ஏச வேண்டியவர் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு என் கதிரையில் இருந்தார்.

ஆகவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், கடிதம் எழுதினேன். பொதுவில் விடப்பட்ட பெயரை எடுத்து அந்த வெள்ளைப் பக்கத்தில் விற்பவர் யாரோ, அவருக்குச் செய்தி அனுப்ப அதில் ஒரு பெட்டி இருந்தது. ஐந்து பக்கம், பந்திக்குப் பந்தி இலக்கமிட்டு அனுப்பினேன். இந்த நாட்டில் ஒருவர் ஒரு காணியைத் தடையின்றிப் பத்து வருடம் ஆண்டால் உரிமை கோரலாம். நாங்கள் பெயரை ஆண்டது மூன்றே வருடம் என்பதால் அந்த வாதத்தை எழுதிவிட்டு நானே வெட்டினேன். ஊரின் பெயரைப் பொருளின் பெயரோடு சேர்த்து நற்பெயர் தேடிக்கொடுத்தவர்கள் எவரோ அவர்களுக்கே அது உரியது என்று முடித்து, கீழே என் முன்னாள் பதவியை முழுமையாக எழுதினேன்.

இரண்டு மணித்தியாலத்தில் பதில் வந்தது. டொலரில் ஒரு தொகையும் ‘நன்றி’ என்ற ஒரு சொல்லும் இருந்தன. அதிலும் கையெழுத்து இல்லை.

இணையப் பெயர்களுக்கான சர்வதேச முறைப்பாட்டு விதிகளை அச்செடுத்து மூன்று நாள் வாசித்தேன். வழி இருக்கத்தான் செய்கிறது. பெயர் எங்கள் வணிகக் குறி என்று காட்ட வேண்டும். வாங்கியவருக்கு அதில் நியாயமான தேவை எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். அவர் அதைக் கெட்ட நோக்கத்தோடு எடுத்தார் என்றும் காட்ட வேண்டும். நாங்கள் குறியைப் பதிவு செய்திருக்கவில்லை. செய்திருந்தாலும், முறைப்பாட்டுக் கட்டணம் அவர் கேட்ட விலையைவிட அதிகம். அந்த விலை வந்த விதம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெயரின் பெறுமதியை அவர் கணக்குப் பார்க்கவில்லை. சண்டை பிடிக்க எவ்வளவு செலவாகும் என்று பார்த்து, அதற்குக் கொஞ்சம் கீழே நிறுத்தியிருக்கிறார். எவருக்கும் தோன்றாத ஒரு சொல்லை முதலில் நினைத்து எடுத்துவைத்து விற்றால் அதை நான் வியாபாரம் என்று ஒத்துக்கொள்வேன். இங்கே அவர் எதையும் நினைக்கவில்லை. யாருடைய கை எப்போது தளரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அடுத்த கடிதமாக எழுதிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து இரண்டாவது செய்தி வந்தது. இந்த முறை தமிழில்.

“ஐயா, நீங்கள் மன்னார்ப் பதிவகத்தில இருந்தனீங்கள்தானே? நான் முருங்கனிலதான் இருக்கிறன். வாங்கோவன், நேர கதைப்பம்.”

அமெரிக்காவிலோ சீனாவிலோ இருக்கிறான் என்று நான் மூன்று நாளாகத் திட்டிக்கொண்டிருந்த ஆள், பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இருந்தான்.

தலைவியும் நானும் போனோம். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்தில் வாடைக்காற்று பஸ்ஸை ஒரு பக்கமாகத் தள்ளியது. தலைவி மடியில் ஒரு பை கருவாடு வைத்திருந்தார்.

“லஞ்சமோ?” என்றேன்.

“சாட்சி, சேர்.”

முருங்கன் சந்திக்குக் கிட்ட, விதைநெல் விற்கும் கடைக்குப் பக்கத்தில், போட்டோக் கொப்பியும் தொலைபேசித் திருத்தமும் செய்கிற சிறிய கடை அது. உள்ளே இருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர். நெற்றியில் திருநீறு, வெளுத்த சேட். எழுந்து நின்று கதிரைகளைத் துடைத்துவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து சோடா எடுத்துத் தந்தார். ஆள் முரடனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

“நீர் எத்தனை ஊர்ப் பேர் இப்பிடி வச்சிருக்கிறீர், தம்பி?” என்று தொடங்கினேன்.

அவர் ஒளிக்கவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். பெயர்ப் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. சிலாவத்துறையும் இறாலும், சிலாவத்துறையும் நண்டும், முருங்கனும் அரிசியும். முள்ளிக்குளம் தனியாகவே இருந்தது.

“நண்டு பிடிப்பீரோ, தம்பி?” என்றார் தலைவி.

“நான் பேர்தான் பிடிக்கிறனான், அக்கா.”

“அதுக்கு என்ன வலை?”

“இரவிரவா ஒரு புரோகிராம் ஓடும். விடுபட்ட பேர் வந்து விழும். வாய்க்காத நாளும் இருக்கு, உங்கட ஆக்களுக்கு மாதிரி.”

தலைவி சிரிப்பை அடக்கியது தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முள்ளிக்குளத்துச் சனம், கடற்படை பிடித்துக்கொண்ட தங்கள் ஊருக்குத் திரும்பிப் போக எத்தனை வருடம் கந்தோர் கந்தோராக மனுக் கொடுத்தார்கள் என்பதைப் பார்த்தவன் நான். மண்ணைத்தான் முழுதாகக் கொடுக்கவில்லை என்றால், பெயரும் இந்தக் கடைக்குள் விலைச்சீட்டோடு இருந்தது.

“அந்த ஊர்ச் சனத்திட்ட ஒரு சொல்லுக் கேட்டனீரோ?” என்றேன்.

“எடுக்கேக்க ஒருத்தரும் வச்சிருக்கேல்லை, ஐயா. வெறும் பேர். ஆரும் எடுத்திருக்கலாம்.”

“எங்கட பேர் வெறும் பேர் இல்லை. மூண்டு வருசம் இவை உழைச்ச பேர். இவை அங்கால பாக்கிற நேரம் எடுத்திருக்கிறீர்.”

“நாலு அறிவித்தல் வந்திருக்குமே, ஐயா?”

தலைவி சோடாப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

“வந்தது. அது வேற கதை,” என்றேன். “சட்டப்படி உம்மில பிழை இல்லை எண்டு எனக்கும் தெரியும். நான் சட்டத்தைக் கேக்கேல்லை. இது சரியோ எண்டுதான் கேக்கிறன்.”

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

“ஐயா, என்ர அப்பாவை உங்களுக்கு ஞாபகம் இராது. கட்டுக்கரைப் பக்கம் வயல் ஒண்டு வாங்கினவர். நொத்தாரிசு எழுதி, சாட்சி வச்சு, முழுக்காசும் குடுத்து வாங்கினது. அந்த உறுதிப் பத்திரத்தைப் பதியோணும் எண்டு அந்த மனிசனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. பெட்டகத்துக்க வச்சிருந்தார். வித்தவன் அதே வயலைத் தன்ர மச்சானுக்கு இன்னொருக்கா எழுதி, மச்சான் அடுத்த நாளே போய்ப் பதிஞ்சிட்டான். அப்பா உங்கட கந்தோருக்கு வந்தவர். நீங்கள்தான் இருந்தனீங்கள்.”

எனக்கு உண்மையில் ஞாபகம் இல்லை. அப்படி வந்தவர்கள் பலர்.

“நீங்கள் என்ன சொன்னனீங்கள் தெரியுமோ? அப்பா சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவர். ‘ஆர் முதல் பதிஞ்சதோ அவருக்குத்தான்.’ அவ்வளவுதான். நான் இந்தத் தொழிலுக்கு வேற பள்ளிக்கூடம் போகேல்லை, ஐயா.”

அந்த வசனம் என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே தொனியில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். சரியான சட்டமும்கூட. ஆனால் அதே சட்டத்தில் அதற்கு அடுத்த உட்பிரிவு ஒன்று இருக்கிறது. வஞ்சகத்தாலோ இருவர் கூடிச் செய்த சதியாலோ முதலில் பதிந்திருந்தால் அந்த முன்னுரிமை செல்லாது, நீதிமன்றம் போகலாம். வாங்கியவன் விற்றவனின் மச்சான் என்றால் எந்தச் சட்டத்தரணியும் வழக்கை எடுத்திருப்பார். எனக்கு அது அன்றைக்கும் தெரியும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், அதற்கு மேல் சொல்வது பதிவாளரின் வேலை இல்லை. இதுவும் எனக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தந்ததுதான்.

அதை அவரிடம் சொன்னேன். அந்தச் சிறிய கடைக்குள், சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு, உட்பிரிவை அப்படியே ஒப்புவித்தேன்.

“அப்ப வழக்குப் போட்டிருக்கலாமோ?”

“ஓம்.”

“நீங்கள் சொல்லேல்லை.”

“அவர் கேக்கேல்லை.”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவர் எழுந்து போய், கடைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அடையாள அட்டை ஒன்றைக் கொப்பி எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“பேரைத் தாறன், ஐயா. சொன்ன விலையில பாதிக்குத் தாறன். சும்மா தரமாட்டன். சும்மா தந்தால் நீங்கள் பஸ் ஏற முதலே என்னை நல்ல பிள்ளை எண்டு சொல்லிப்போட்டு எல்லாத்தையும் மறந்திடுவியள்.”

“நான் கட்டுறன்,” என்றேன் உடனே. “என்ர ஓய்வூதியத்தில.”

தலைவி கருவாட்டுப் பையை மேசையில் வைத்தார்.

“ஏலாது, சேர். சங்கத்துக்கு ஆரும் நன்கொடை தாறதெண்டால் பொதுக்கூட்டத் தீர்மானம் வேணும். யாப்பில நீங்கள்தான் எழுதினது.”

“இது அவசரம். ஓடர் போயிடும்.”

“அவசரத்துக்கும் ஒரு பந்தி எழுதியிருக்கிறியள். ஏழு நாள் முன்னறிவித்தல்.”

ஏழாம் நாள் கூட்டம் நடந்தது. போதிய ஆட்கள் வந்திருந்தார்கள். நான் நிலைமையை விளக்கி, பாதி விலை நியாயமென்றும் காசு என்னுடையதென்றும் சொன்னேன். யாரும் வழிமொழியவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்: “சேர், இண்டைக்கு நீங்கள் குடுத்தால் நாளைக்கு அந்தத் தம்பி சிலாவத்துறை ஆக்களிட்டையும் ‘அவை தந்தவை’ எண்டு சொல்லிக் கேப்பார்தானே?” அதற்குப் பதில் என் பதினெட்டுப் பக்கத்தில் இல்லை.

“கருவாட்டை நாங்கள் எப்பிடிச் சொல்லுறது?” என்றார் தலைவி. “கொஞ்சம் இழுத்துத்தானே? அப்ப இங்கிலீசிலையும் இழுப்பம்.” அப்படியே நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டிப் புதிய பெயர் எடுத்தார்கள். இழுக்காத பெயர் முருங்கனில் இருக்கிறது.

ஆனால், சங்கம் மூடவில்லை என்று முகவரிடம் சொல்லியும், புதிய தளம் எழும்புவதற்குள் தவக்கால ஓடர் நீர்கொழும்புக்குப் போய்விட்டது. அங்கே யாரும் மூடவில்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சோளகத்தில் மூன்று பெண்கள் சங்கத்தை விட்டு, உப்பள வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். அவர்களில் ஒருவர் என்னை வழியில் கண்டால் இப்போதும் “சுகமோ, சேர்?” என்று கேட்கிறார். கோபமாகக் கேட்டால் சொல்ல நான் பதில் தயாரித்து வைத்திருக்கிறேன்.

மிஞ்சிய லேபல்களை வீசிவிட்டுப் புதிதாக அச்சடிக்கக் காசில்லை. பழைய முகவரியின் மேல் புதியதை ஒட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பையை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் பழைய பெயர் தெரியும். முருங்கன்காரரின் வெள்ளைப் பக்கத்தை அவ்வப்போது தட்டிப் பார்க்கிறேன். இன்னும் விற்கவில்லை. விலையை இறக்கியும் இல்லை. அவர் செய்வது பிழை என்று இன்றைக்கும் சொல்வேன். முன்னைப்போல் உரக்கச் சொல்ல வரவில்லை.

போன மாதம் தலைவி ஒரு தாளோடு வந்து, வாசலில் நின்றே அதை உயர்த்திப் பிடித்தார்.

“சேர், மொட்டை ஒண்டு வந்திருக்கு. தவணை முடியுதாம்.”

கையெழுத்து இருக்கிறதா என்று என் கண் தானாகக் கீழே போனது. இல்லை. சேட் ஒன்றை மாட்டிக்கொண்டு அவரோடு புறப்பட்டேன். காசு கட்டி முடித்து, பற்றுச்சீட்டை வாங்கி, முத்திரை குத்தி, கோவையில் போட்டேன்.

“எந்தக் கோவை, சேர்?” என்று கேட்டார்.

கோவையின் முதுகில் இருந்த ‘மொட்டை’ என்ற சொல்லை அவர் முன்னால் வெட்டினேன். வேறென்ன எழுதுவது என்று தெரியாததால் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.